செல்லம்மாவின் சம்மதம்

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மை டப்பா ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறினேன். மழை. அட்டைக்கடி. முழங்கால் வலி வேறு. எல்லாம் ஒரு பெருவிரல் ரேகைக்காக.

போட்டோ பிடிப்பது சுலபம். அதை விற்பதுகூட எப்படியோ நடந்துவிடும். ஆனால் படத்தில் இருக்கிறவர்களிடம் சம்மதம் வாங்குவது இருக்கிறதே... அதில்தான் மனுஷனுக்கு ஆயுசு குறைகிறது.

அட்டன் கடைவீதியில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருப்பது வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கல்யாண ஜோடிகளைப் பிடித்தது போக, மிச்ச நேரத்தில் மலையையும் மனிதர்களையும் பிடித்துக் கொழும்பில் ஒரு ஏஜெண்ட்டுக்கு அனுப்புகிறேன். அவர் போஸ்ட் கார்டு போடுகிறவர்களுக்கும் காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கும் விற்கிறார். மலைகள் இதுவரை ஒன்றும் ஆட்சேபித்ததில்லை. மனிதர்கள்தான் பாடு.

கொஞ்ச நாளைக்கு முன், வயிற்றுவலித் தைலப் புட்டியில் தன் முகத்தைப் பார்த்த ஒருவர் ஏஜெண்ட் மேல் வழக்குப் போட்டுவிட்டார். அவருக்கு ஜென்மத்தில் வயிற்றுவலியே வந்ததில்லையாம். அன்றிலிருந்து ஏஜெண்ட்டைச் சட்டப் பயம் பிடித்துக்கொண்டது. முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சம்மதச் சீட்டு வேண்டும் – என் படத்தை அச்சிட்டு விற்கலாம் என்று. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரில் யாத்திரைக் கூட்டத்தைப் பிடித்த என் படம் அப்படியே திரும்பி வந்தது. அத்தனை பக்தர்களை எங்கே போய்த் தேடுவது?

ஒரு படத்தை மட்டும் அவர் விட மனமில்லாமல் வைத்திருந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் செல்லம்மா. நெற்றியில் கூடைக் கயிறு, தலையில் மடித்துப் போட்ட கம்பளி, யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்ந்த முகம். இந்தியாவில் ஜனங்களைத் தேயிலை குடிக்கப் பழக்குகிறார்களாம். கடை கடையாகக் காலண்டர் கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு இந்த முகம்தான் வேண்டுமாம்.

ஆகவே மலையேறினேன்.

அவள் வேலை செய்யும் பெரட்டுக் கூட்டத்துக்குப் பொறுப்பான பெரியண்ணன் கங்காணி ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலுக்கே என்னை அழைத்துப் போனார். செல்லம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் கருப்பையா பின்னால் நின்றான். படத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இது எங்கங்க போவும்?"

"இந்தியாவுக்கும்மா. திருச்சி, மதுரை, தஞ்சாவூர்... கடைக்குக் கடை மாட்டப் போறாங்க."

சந்தோஷப்படுவாள் என்றுதான் சொன்னேன். அவள் படத்தைத் திருப்பி நீட்டினாள்.

"வேணாங்க."

"என்னா வேணாம்?" என்றார் கங்காணி. "தோட்டத்துத் தொரையே சரின்னுட்டாரு. ஒனக்கென்ன?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கங்காணிக்குப் பொறுமை இல்லை. "இங்க குடுங்க மொதலாளி, நான் வைக்கிறேன். எம் பெரட்டு ஆளுதானே இவ" என்று மை டப்பாவுக்குப் பெருவிரலை நீட்டினார்.

யோசித்துப் பாருங்கள். துரைக்குச் சம்மதம். கங்காணிக்குச் சம்மதம். கொழும்பு ஏஜெண்ட்டுக்கு ரொம்பச் சம்மதம். முகத்துக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் இல்லை. பேசாமல் அந்த விரலை வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தால் அந்தி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்... களைத்த மனுஷனுக்கு அந்த நினைப்பு வராமலா இருக்கும்?

டப்பாவை மூடினேன். "அந்தம்மா வெரல்தான் வேணும் கங்காணி."

"அப்ப எம் பேச்சுக்கு மதிப்பில்ல. இனி காமெராவத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க" என்று போய்விட்டார்.

நானும் கிளம்பினேன். சரிவுப் பாதையில் பாதி தூரம் இறங்கியதும் பின்னால் செல்லம்மாவின் குரல் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எங்க ஊரு திருச்சிப் பக்கம், துறையூருக்குக் கிட்ட. அட்டன்ல நாங்க கடை வச்சிருக்கோம்னு அம்மாவுக்குச் சொல்லியிருக்கோம். அத நம்பித்தான் தங்கச்சிக்கு வரன் பேசி முடிச்சிருக்காங்க. அக்கா வீட்டுக்காரரு மொதலாளின்னு. தை மாசம் கல்யாணம். சந்தைக் கடையில போயி நான் கூடையோட நின்னா..."

"பொய்தானேம்மா?"

"பொய்தாங்க. ஆனா வாழப் போறது அவளாச்சே."

படத்தையாவது வைத்துக்கொள் என்று நீட்டினேன். "ஊருக்குப் போறவங்க யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா? லயத்துல எங்கங்க ஒளிக்கிறது?" என்று திரும்பி நடந்தாள்.

புதன்கிழமை ஏஜெண்ட் வந்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"கங்காணி வெரல வாங்கியிருக்கலாமேய்யா. வெரல்ல பேரா எழுதியிருக்கு?"

"எழுதல. எனக்குத் தெரியுமே" என்றேன். வாதாடத் தெம்பில்லை. நுவரெலியாவில் வேறொரு போட்டோக்காரரிடம் படம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். காலண்டரும் போயிற்று, ஒரு தோட்டமும் போயிற்று. இனி மலையை மட்டும் பிடிப்பது என்று முடிவு செய்து படுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஸ்டூடியோ வாசலில் செல்லம்மாவும் கருப்பையாவும் நின்றார்கள். அவன் மேல் யாருடையதோ ஒரு கோட்டு. கை நீளம் விரலை மூடியது. அவள் கல்யாணச் சேலையில் இருந்தாள்.

"கல்யாணத்துக்குக் கப்பலேறிப் போவ முடியாதுங்க. படமாச்சும் அனுப்பலாம்னு வந்தோம்" என்றாள். பிறகு தயங்கி, "பின்னால கடை மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?"

என்னிடம் இருப்பது அரண்மனைத் தூண் வரைந்த திரை ஒன்றுதான். பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர். அவர் கல்லாவை விட்டு எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். கருப்பையா அங்கே உட்கார்ந்தான் – முள்ளில் உட்கார்ந்ததுபோல. செல்லம்மா சீட்டித் துணிகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். காமெராவை நேராகப் பார்த்தாள்.

"கைநாட்டு வைக்கணுங்களா?"

"இதுக்கு வேணாம்மா."

அந்தியில் பிரிண்டைக் கொடுத்தபோது ஜவுளிக்கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நாளைக்குத் தங்கச்சி புருஷன் கப்பலேறி வந்து, கடை எங்கன்னு கேட்டா என்னம்மா செய்வே?"

செல்லம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பவும் கொஞ்சம் எந்திரிச்சு நிக்க மாட்டீங்களா, மொதலாளி?"

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.