அக்காவை நான் எழுதிக் கொடுத்தது

வருமான வரிச் சட்டத்தில் என் அக்காவுக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவுக்காரர். எண்பதுகளின் கடைசி வருடங்கள். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் குமாஸ்தா. அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு. வீட்டில் நான், என் மனைவி, என்னைவிட நான்கு வயது மூத்த, கல்யாணம் ஆகாத அக்கா. குழந்தையில் வந்த போலியோவில் அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. காலிபர் என்ற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டிக்கொண்டு ஒரு தடியோடு நடப்பாள். கணிதத்தில் பட்டம் வாங்கியவள். நானும் பட்டம் வாங்கினேன், ஆனால் எதில் என்பதை யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரி வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு எல்லோரும் குடும்பப் பாசம் மிக்கவர்களாகிவிடுவோம். வருடம் முழுவதும் மாமியாரைத் திட்டுகிறவர்கூட, அந்த அம்மாள் ஏதாவது ஒரு பிரிவில் அடங்குவாளா என்று யோசிப்பார். வரி பிடிப்பதற்கு முன்னால் நமக்குரிய கழிவுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாளில் ஆயுள் காப்பீட்டைத் தவிர எதுவும் இல்லாததைப் பார்த்து, கணக்குப் பிரிவுக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"உங்க அக்காவுக்குக் கால் ஊனம்தானே சார்? சம்பாத்தியம் ஒண்ணும் இல்லையே? அப்புறம் ஏன் சும்மா வச்சிருக்கீங்க?"

அக்காவைச் சும்மா வைத்திருக்கிறோம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அவள் மாலையில் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். பால்காரருக்கும் சிலிண்டருக்கும் அவள்தான் கொடுத்தாள். மாதம் இருபதாம் தேதிக்கு மேல் நாங்கள் மூவரும் சாப்பிட்டது பின்னக் கணக்கின் புண்ணியத்தில்தான். இதையெல்லாம் இரண்டு விநாடி யோசித்துவிட்டு, பெரிசா ஒண்ணும் இல்ல சார் என்றேன்.

அரசு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? உன்னை என்மேல் விழுந்த பாரமாகக் காட்டி வரியைக் குறைக்கப்போகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பஸ் பாஸ் வாங்க என்று சொன்னேன். அவள் சந்தோஷமாகக் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் டேப் வைத்து இரண்டு கால்களையும் அளந்தார்கள். ஏதாவது வேலை செய்கிறீர்களா என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், வீட்டோடதான் டாக்டர் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாஸுக்காகச் சொல்கிறான் என்று நினைத்திருப்பாள்.

அசல் சான்றிதழை அலுவலகக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். பாஸுக்கு ஆபீஸ் மூலமாகத்தான் எழுதிப் போட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். உறுதிமொழி ஆங்கிலத்தில் இருந்தது. மேற்படி நபர் சொந்தமாகப் பிழைக்க வழியில்லாமல் முழுக்க முழுக்க என்னையே சார்ந்திருக்கிறார், அவருடைய மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் நான் செலவு செய்கிறேன் என்பது அதன் சாரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காலிபரின் தோல்வார் மாற்றுவேன். அதுதான் அந்தச் செலவு. மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் ருஷ்யக் குமாஸ்தாக்களின் அற்பத்தனத்தைப் படித்து ரயிலில் தனியாகச் சிரிக்கிறவன் நான். கீழே கையெழுத்துப் போட்டபோது அவர்களில் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மிச்சமான வரி ஏறக்குறைய ஒரு மேசை விசிறியின் விலை. முதல் வருடம் விசிறியே வாங்கினேன். அதைக் கூடத்தில் அக்கா பக்கமாகத் திருப்பி வைத்தேன். இவ்வளவு அக்கறையா என்றாள். பஸ் பாஸைப் பற்றிச் சில வாரங்கள் கேட்டுவிட்டு, அரசாங்கக் காரியம் அப்படித்தான் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அடுத்த மூன்று பிப்ரவரிகளிலும் அதே உறுதிமொழியைக் கொடுத்தேன். கை தானாக எழுதியது.

அப்போதுதான் வெளியூருக்கு போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத்துகள் முளைக்க ஆரம்பித்தன. உடல் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பூத் ஒதுக்கப்போகிறார்கள். அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள், சின்னப் பெண் மாதிரி ஒரு வாரம் அதையே பேசினாள். பூத்துக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே குட்டி விசிறி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. நோயாளிகளோடு வருகிறவர்கள் ஊருக்குப் பேசாமல் இருக்க முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டாள். எல்லாம் தயார். அசல் சான்றிதழ் மட்டும் வேண்டும்.

நாளைக்கு எடுத்துட்டு வரேன் என்றேன். மறுநாள், கணக்குப் பிரிவுக்காரர் லீவு என்றேன். அதற்கு மறுநாள், பீரோ சாவி அவரிடம் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாகவே வாங்கிவிடலாமே என்றாள். எதுக்கு வீண் அலைச்சல், நான் இருக்கேன்ல என்றேன். கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. சான்றிதழை நான் கொண்டுவந்து கொடுத்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு, சரி விடு, நீ என்ன பண்ணுவே என்றாள்.

ஒரு மேசை விசிறிக்காக ஒருவன் இப்படிச் செய்வானா? செய்யமாட்டான் என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். அவள் பெயரில் வருமானம் வந்தால் பழைய நான்கு உறுதிமொழிகளையும் யாராவது கிளறுவார்கள் என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பயமும் இருந்தது. ஆனால் அது முழுக் காரணம் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்குப் பிரிவுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க வந்தவரை மறித்து அனுப்ப முடியுமா? அக்காதான் காபி கொண்டுவந்தாள். சாவகாசமாகக் குடித்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

"மேடம், உங்க புண்ணியத்துலதான் சாருக்கு வருஷா வருஷம் டாக்ஸ் குறையுது. போன மாசம்தான் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஏதாவது கவர்ன்மென்ட் உதவிக்கா?"

அக்கா தட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். நீங்கள் அப்போது லீவிலே இருந்தீர்களாமே என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"எனக்கா? கணக்கு முடிக்கிற மார்ச் மாசம் எனக்கு ஏது மேடம் லீவு? என் கல்யாணமே ஏப்ரல்லதான் நடந்துது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, குங்குமம் தடவிய பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, தடியைச் சுவரில் சாய்த்தாள்.

"எத்தன வருஷமா?"

"நாலு."

"என்னன்னு எழுதிக் குடுத்தே?"

தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் அவ்வளவு மோசமாக இல்லை. நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"சரி. கடைசித் தேதி உனக்குத் தெரிஞ்சே போச்சா, தெரியாம போச்சா?"

தெரியாமல் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருக்கமாட்டாள், ஆனால் ஏற்றுக்கொண்டிருப்பாள். தெரிஞ்சுதான் என்றேன். நான் கொடுத்த உறுதிமொழிகளில் முழு உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

சுவரில் சாய்த்த தடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "காசுக்காகத்தான்னு சொல்லிடுடா. பரவால்ல, நான் புரிஞ்சுக்கறேன்" என்றாள்.

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. காசுக்காக இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. அக்காவைக் காப்பாற்றுகிறவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அதைச் சொல்லி என் தோளில் தட்டுவார்கள். அலுவலகத்தில் நான் எவ்வளவு சின்ன ஆளோ, வீட்டில் அந்த ஒரு வரியில் அவ்வளவு பெரிய ஆள். அவள் ஒரு பூத்தில் உட்கார்ந்துவிட்டால் நான் வெறும் குமாஸ்தா. இதை ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. என் மௌனத்துக்கு அவள் வேறு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ, இன்றுவரை தெரியாது.

அவள் சண்டை போடவில்லை. டியூஷன் எடுத்தாள், பால்காரருக்குப் பணம் கொடுத்தாள். அந்த வருடமும் இருபதாம் தேதிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அடுத்த பிப்ரவரியில் என் தாளில் அவள் பெயரை எழுதவில்லை. ஏன் சார், அக்கா சவுகரியமா இருக்காங்கதானே என்று கணக்குப் பிரிவுக்காரர் கலவரத்தோடு விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். நன்றாக இருப்பவர்களுக்குச் சட்டத்தில் கழிவு கிடையாது என்பதால் அவரும் விட்டுவிட்டார்.

மறுபடி விளம்பரம் வந்தபோது அக்கா யாரையும் எதையும் கேட்கவில்லை. படிவத்தைத் தானே பூர்த்தி செய்தாள், தானே மின்சார ரயிலில் போய்க் கொடுத்தாள். தாம்பரம் ஆஸ்பத்திரி வாசல் பூத் ஏற்கெனவே வேறொருவருக்குப் போயிருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. ஆஸ்பத்திரிக் கூட்டம் அங்கே கிடையாது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட்டுக்கும் ஜல்லிக்கும் பேசினார்கள். காலிபரோடு தினமும் ரயில் ஏறி இறங்க முடியாது என்று அங்கேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். சாமான்களை இறக்கிவைக்க நானும் வேனில் போனேன். வீட்டுக்காரர் நீங்க யாரு என்று கேட்டதற்கு, என் தம்பி, கிண்டியில வேலை என்று அவளே சொன்னாள். அதற்குமேல் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பழி வாங்குகிறவள் இல்லை அவள். தீபாவளி, பொங்கலுக்கு வந்தாள். என் மனைவிக்குப் புடவை எடுத்தாள். நான் மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து பூத்துக்கு போன் செய்வேன். சாப்பிட்டியா, கால் வலி எப்படி, வார் மாத்தணுமா என்று கேட்பேன். வார் போன மாதமே மாற்றியாயிற்று என்பாள். பிறகு எனக்குக் கேட்க எதுவும் இருக்காது. கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கும்.

"ஆள் நிக்கறாங்கடா. வச்சிடட்டுமா?"

வை அக்கா என்பேன்.