செல்வி அத்தையின் மணல்மேடு

வேலைக்காகச் சென்னைக்கு வந்த நான், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை மாலுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனேன். முன்சீட்டில் பெரிய கொண்டை போட்ட ஒருத்தி வந்து உட்கார்ந்ததும், எனக்கு எங்கள் ஊர் சத்தியவேடு டென்ட் கொட்டகையின் ஈர மணல் மணத்தது.

அங்கே பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து அதன்மேல்தான் உட்காருவோம். முன்னால் இருப்பவள் உயர்ந்தால் பின்னால் இருப்பவளும் தன் மேட்டை உயர்த்துவாள். ஒருநாள் மணல் போதாமல், முன்னால் இருந்த செல்வி அத்தையின் மேட்டிலிருந்தே அம்மா அள்ளினாள். மேடு சரிந்து அத்தை அம்மாவின் மடியில் விழுந்தாள்.

"இன்னாண்ணி, என் மேட்டையே தோண்டிக்கினு கீற?" என்று கத்தினாள்.

"தல மறைக்குதுடி. அப்டியே சாஞ்சிக்கினு பாரு" என்றாள் அம்மா.

மீதிப் படத்தை அத்தை அந்த மடியிலேயே பார்த்தாள். எனக்குத்தான் இடமில்லை.

இப்போது அம்மா குனிந்து கையால் கார்ப்பெட்டைத் தடவினாள்.

"இங்க எதடி தோண்டறது?"