ஜப்பானில் மாமி பேரில் ஒரு வீடு

எங்கள் எதிர் ஃபிளாட் வேதா மாமிக்கு ஜப்பானில் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. இதைச் சொன்னால் சேலையூரில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மீதிப் பேர் மாமிக்கு யோகம் என்கிறார்கள். யோகமாவது மண்ணாங்கட்டியாவது. மாமி பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான். யாராவது யோகம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியும் நானும் தாம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். மாமி கணக்கு, நான் அறிவியல். மாமி குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவர் உள்ளே நுழைந்தால் கடைசி பெஞ்சுகூட அடங்கிவிடும். கரும்பலகையில் ஒரு வரி தப்பாகப் போனால் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். அப்படிப்பட்டவர், வீட்டில் கணவர் நீட்டுகிற காகிதத்தில் மட்டும் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஏன் மாமி இப்படி என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அவர் பார்த்துட்டுத்தானே குடுக்கறார் ஜான்சி" என்பார்.

அவர் என்பது தோத்தாத்ரி மாமா. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவரோ சிரித்த முகம். குடியிருப்பில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஆட்டோ பிடித்துக்கொண்டு முதலில் வந்து நிற்பவர். அவருக்கு இருந்த ஒரே கோளாறு சொத்து வாங்கும் ஆசை. கல்யாணமான புதிதில் தன் பேரில் ஒரு மனை வாங்கினார். அடுத்த மழைக்கு அது ஏரியாகிவிட்டது. அது எப்போதும் ஏரிதான், விற்றவன் கோடையில் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறான். பிறகு சிட்லபாக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை மாமி பேரில் வாங்கினார். அது மளமளவென்று விலை ஏறியது. அவ்வளவுதான், மாமாவுக்கு ஞானம் பிறந்துவிட்டது. அன்றிலிருந்து எது வாங்கினாலும் வேதா பேரில்தான். சேலையூர் ஃபிளாட், ஸ்கூட்டர், காஸ் இணைப்பு, எல்லாம்.

"வேதா ராசிக்காரி. அவ பேர்ல போட்டாத்தான் நிக்கும்" என்று என்னிடமே பெருமையாகச் சொல்வார். கேட்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! மாமியும் அதை மரியாதை என்றே நம்பினார்.

ஓய்வுக்குப் பிறகு மாமாவை யூடியூப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் கிராமம் கிராமமாக ஆளில்லாத வீடுகள் சும்மா கிடக்கின்றனவாம். நம் ஊரில் கார் வாங்குகிற விலைக்கு அங்கே தோட்டத்தோடு வீடே கிடைக்குமாம். வெளிநாட்டுக்காரர்கள் போய் அவற்றைப் பழுதுபார்த்து அரண்மனை மாதிரி ஆக்குகிறார்களாம். எங்களையும் உட்கார வைத்துக் காட்டுவார். என் வீட்டுக்காரர் பிரிட்டோ திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஒரு நாள் மாமா காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் இது, வூட்டுக்குள்ள மரம் மொளச்சிகினு கீது!"

"அதுக்குத்தானே சார் ரெனொவேஷன்!" என்றார் மாமா.

அந்த வீட்டைத்தான் வாங்கினார். காகிதங்கள் வந்த அன்று சாயங்காலம் நான் தோசை மாவு கொடுக்கப் போயிருந்தேன். மாமி அடுப்பை அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்கே?" என்று மட்டும் கேட்டார். மாமா விரலை வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளிக்கப் போய்விட்டார். கடல் தாண்டி ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரியானது அவருக்குக் கடுகு வெடிக்கிற நேரம்தான்.

முதல் தடவை இரண்டு பேருமாகப் போனார்கள். மலை அடிவாரத்தில் சின்ன ஊர். மாமா பால் காய்ச்சுவதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். இனிமேல் வருஷத்தில் பாதி நாள் அங்கேதான் என்று அறிவிப்பு வேறு. அதற்கு அப்புறம் மழை பெய்தது. கூரை எத்தனை இடத்தில் ஒழுகும் என்று வீடியோவில் யாரும் சொல்லியிருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து தரையிலேயே படுத்ததில் மாமாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு வாரம்கூடத் தாங்காமல் திரும்பிவிட்டார்கள். அப்புறம் மாமா அந்த வீட்டைப் பற்றிப் பேசினாரே தவிர, போகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

போகாவிட்டால் என்ன, வீடு மாமியைத் தேடி இங்கே வந்தது. சொந்தக்காரி அவர்தானே. வீட்டை வாங்கிக் கொடுத்த தரகர் மியுகி என்று ஒரு பெண், நன்றாக ஆங்கிலம் பேசுவாள். அவளிடமிருந்து ஒன்று மாற்றி ஒன்று செய்தி வரும். உங்கள் தோட்டத்துப் புதர் பக்கத்து வீட்டு வேலிக்குள் போய்விட்டது. உங்கள் கூரை விளிம்பில் குளவி கூடு கட்டியிருக்கிறது. உங்கள் ஓடு ஒன்று தெருவில் விழுந்தது, நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. சேலையூர் சமையலறையில் நின்றுகொண்டு, முகம் தெரியாத ஜப்பான்காரர்களுக்கு மாமி மன்னிப்பு எழுதிக்கொண்டிருப்பார். "இதை இவர்கிட்டே சொன்னா, நீதான் நன்னா எழுதறே, நீயே எழுதிடு வேதாங்கறார்" என்பார்.

விற்றுத் தொலையுங்கள் என்றேன். விலைக்குக் கேட்க ஆள் இல்லை. சும்மா கொடுக்கிறேன் என்று மாமி எழுதினார். அந்த ஊரில் அப்படிக் கிடக்கிற வீடுகள் ஏகப்பட்டது, யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று பதில் வந்தது. வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று கேட்டார். அப்படி விட முடியாது, உங்கள் பேரில்தான் இருக்கும் என்றாள் மியுகி. அன்றைக்கு மாமி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே என்னிடம், "உள்ளே போயாச்சு ஜான்சி, வெளியே வர வாசலே இல்லை" என்றார். கை மட்டும் நறுக்கிக்கொண்டே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஸ்நேகா உண்டானாள். மாமியின் ஒரே பெண். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கி, மருந்து, ஊசி என்று அலைந்து உண்டான பிள்ளை. கோவிலம்பாக்கத்தில் புகுந்த வீடு. வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்கு என்று முறையாக இங்கே கூட்டி வந்தார்கள். ஐப்பசியில் நாள் குறித்திருந்தார்கள். மாமி முகத்தில் நான் அத்தனை வெளிச்சம் பார்த்ததே இல்லை. பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து அடுக்கினார், லேகியத்துக்குச் சாமான் வாங்கினார். பள்ளிக்கூடத்து நாட்களில் அவர் தனக்கென்று எதுவும் கேட்டு நான் கேட்டதில்லை. இப்போது மட்டும், "குழந்தையை முதல்ல நான்தான் வாங்கிப்பேன், சொல்லிட்டேன்" என்று வீட்டில் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தார்.

ஆவணி கடைசியில் ஜப்பானிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அந்த ஊர் நகராட்சி எழுதியிருந்தது. பனி விழுவதற்குள் கூரையைச் சரிசெய்ய வேண்டும். செலவில் பெரும்பங்கை நகராட்சியே ஏற்கும். ஆனால் வேலை நடக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், அவருக்குப் பதில் வேறு ஆள் ஆகாது. வராவிட்டால் ஆபத்தான கட்டடம் என்று அவர்களே இடித்துவிட்டு, இடித்த செலவைச் சொந்தக்காரரிடம் வசூலிப்பார்கள். அந்தச் செலவுக்குச் சேலையூர் ஃபிளாட்டைத்தான் விற்க வேண்டும். வேலைக்குக் குறித்திருந்தது ஐப்பசி மாதம்.

மாமி தள்ளிப்போடச் சொல்லி எழுதினார். பனி யாருக்காகவும் காத்திருக்காது என்று பதில் வந்தது. மியுகிதான் பாவம், ஒரு வழி சொன்னாள். வீட்டைக் கணவர் பேருக்கு மாற்றிவிடுங்கள், காகிதங்களை அனுப்புகிறேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும், அப்புறம் அவர் வந்து தங்கலாம் என்றாள். மாமி என் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். சிரித்தார்! காகிதங்கள் வந்ததும், பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் மாமா காபி குடித்து முடிக்கிறவரைக்கும் காத்திருந்து எதிரில் வைத்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"என்ன இது?"

"ஜப்பான் வீடு. உங்க பேருக்கு மாத்தறேன். ஒரு கையெழுத்துப் போட்டாப் போறும். முட்டிக்கு பெல்ட் போட்டுண்டு ஒரு மாசம் நீங்க இருந்துட்டு வந்துடுங்கோ. நான் ஸ்நேகாவோட இருக்கேன்."

மாமா கண்ணாடியை மாட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மாமி திறந்து நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது.

"வெளிநாட்டு விஷயம் வேதா. எடுத்தோம் கவிழ்த்தோம்னு போடப்படாது. எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமி போடறப்போ படிக்க டைம் குடுத்தீங்களா மாமா?" என்று கேட்டே விட்டேன்.

மாமா கோபப்படவில்லை. சிரித்தார். "அவ ராசி வேற, என் ராசி வேற ஜான்சிம்மா. என் பேர்ல வாங்கின மனை என்ன ஆச்சுன்னு அந்த ஏரியைப் போய்க் கேளு. என் பேருக்கு மாத்தி, கூரை என் தலையிலேயே விழுந்தா?"

விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். இல்லை, மனுஷன் நிஜமாகவே பயந்திருந்தார். காகிதங்கள் டிவி மேஜையில் கிடந்தன. மாமி தினமும் தூசி தட்டும்போது அவற்றை எடுத்து, துடைத்து, திரும்ப அங்கேயே வைப்பார். மாமா படித்துக்கொண்டே இருந்தார். பேர் மாற்றுவதற்கு இருந்த கெடு தாண்டிவிட்டது.

மாமிக்கு டிக்கெட் போட்டாயிற்று. கோவிலம்பாக்கத்திலிருந்து சம்பந்தி அம்மாள் போன் செய்து, "பிரசவத்துக்குன்னு பொண்ணை அனுப்பினா, அம்மா ஜப்பான் டூர் போறாளாமே?" என்று கேட்டாளாம். ஸ்நேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போகாதேம்மா, எந்த வீடு வேணா போகட்டும்" என்றாள்.

"போகலேன்னா நீ உட்கார்ந்துண்டிருக்கற இந்த வீடும் போயிடும்டி" என்றார் மாமி. அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். லேகியம் கிளறி பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்தார். "ஆஸ்பத்திரியிலே நான் நிக்கவேண்டிய எடத்துல நீ நில்லு ஜான்சி" என்றார். ஏர்போர்ட்டுக்கு பிரிட்டோதான் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, "அந்தம்மா ஜெயிலுக்குப் போறா மாரி போச்சு ஜான்சி" என்றார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண். தாம்பரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் வெளியே வந்து, "பாட்டி யாரு?" என்று கேட்டபோது நான்தான் கையை நீட்டினேன். வேறு என்ன செய்வது? ஸ்நேகாவை அறைக்குக் கொண்டுவந்ததும் வீடியோவில் மாமியைக் கூப்பிட்டோம்.

இருட்டான ஓர் அறையில் மாமி நின்றுகொண்டிருந்தார். புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய். ஆணி அடிக்கிற சத்தத்தில் நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. மேலே கூரை வேலை செய்பவர்களைப் பார்த்துக் குனிந்து குனிந்து ஏதோ கெஞ்சினார். சத்தம் நின்றது. குழந்தை அப்போதுதான் ஒரு கொட்டாவி விட்டது. மாமி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"யார் ஜாடை?"

"உங்க மூக்கு மாமி."

ஸ்நேகா அழுதாள். மாமி அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது மாமா எங்களுக்கு நடுவில் தலையை நீட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். "பார்த்தியா வேதா, உன் ராசி! அங்கே கூரையும் ஏறிடுத்து, இங்கே பேத்தியும் வந்துட்டா!"

மாமி ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டார். மாமா விடவில்லை.

"இன்னொண்ணு கேளு. நம்ம வீட்டுக்குப் பக்கத்து வீடும் விலைக்கு வந்திருக்காம், நேத்துதான் வீடியோல பார்த்தேன். இதைவிட சல்லிசு. குழந்தை வெள்ளிக்கிழமையும் அதுவுமாப் பொறந்திருக்கா, சாட்சாத் மகாலட்சுமி. அதை இவ பேர்லயே வாங்கிடலாம்னு தோண்றது."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்யில்லாத பிரியம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். "குடு ஜான்சிம்மா, என் தங்கத்தை."

போனிலிருந்து மாமியின் குரல் வந்தது. உயர்த்தவில்லை, வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"ஜான்சி, குழந்தையை அவர் கையிலே குடுக்காதே."

நான் கொடுக்கவில்லை.