பெட்டிக்குக் காய்ச்சல்

புதுச் சட்டம் வந்த புதிது. சமூகப்பணி படித்த ஒருவர் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், நோயுற்ற பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது, பிள்ளைகளை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவோம் என்று விவேக் நகரில் இருந்த அந்தப் பெண் குழந்தைகள் இல்லத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. சட்டம் கேட்ட படிப்பு என்னிடம் இருந்தது. மற்றபடி எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

திருவண்ணாமலையிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு போய் இறங்கினேன். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் மாதம் முடிவதற்குள் ஓடிவிட்டதைப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். எலித் தொல்லையாம். மறுநாள் காலை என் பெட்டியைக் காணவில்லை. அதிலிருந்த ஒரு புடவை மட்டும் கட்டிலில் மடித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு தினம் ஒரு புடவை வந்தது. பெட்டி எங்கே என்று கேட்டால் அத்தனை பெண்களும் ஒரே மாதிரி முழித்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலை தயாராக இருக்கிறது, கிளம்பி வா என்று அண்ணன் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். பெட்டி கையில் இருந்திருந்தால் முதல் எலியைப் பார்த்ததுமே நானும் ஓடியிருப்பேன்.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று மாட்டிக்கொண்டேன். "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லி மேடம்?" என்று, எங்கே என்பதைக் கன்னடத்தில் கேட்டார். அது பெட்டிக்குள் இருந்தது. இருப்பவர்களில் பெரிய பெண்ணைத் தனியே இழுத்துப்போய்க் கெஞ்சினேன்.

"போன மிஸ்ஸும் இதையேதான் சொன்னாங்க மிஸ். சர்டிபிகேட் எடுக்கணும்னு பெட்டிய வாங்கினாங்க. அப்படியே ஆட்டோ ஏறிட்டாங்க."

"இப்ப குடுக்கலேன்னா உங்களயெல்லாம் பிரிச்சிடுவாங்கடி."

"நீங்க போனாலும் பிரிச்சிடுவாங்க மிஸ்," என்றாள்.

அதற்குள் அதிகாரி நோயாளி அறைக்குள் நுழைந்துவிட்டார். ஆய்வுக்குக் காட்டுவதற்காகவே பூட்டி வைத்திருந்த அறை. அன்று அங்கே தலை முதல் கால் வரை கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ படுத்திருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "அய்யோ பாவம், ஜ்வரமா?" என்று நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தார். டொக்கென்றது.

கம்பளியை விலக்கினார். தலையணைமேல் சாய்ந்து என் பெட்டி படுத்திருந்தது.

"மிஸ்ஸோட பெட்டி சார்," என்றாள் பெரியவள், வேறு வழியில்லாமல். "இது கையில இருந்தா அவங்க போயிடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, சான்றிதழை இரண்டு பக்கமும் பார்த்தார். "படிப்பு சரியா இருக்கு மேடம். இருப்பீங்களா? ரூல்ஸ்ல இந்தக் கேள்வி இல்ல. நானா கேக்கறேன்."

கதவருகே எல்லாத் தலைகளும் எட்டிப் பார்த்தன. எனக்குப் பயமாக இருந்தது. அதுவரை என்னை இவ்வளவு வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

"இருப்பேன் சார்," என்றேன்.

அனுமதி கிடைத்தது. மாலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் பெட்டியைக் காணோம். கட்டிலில் மறுநாளைக்கான புடவை இருந்தது. அதிகாரி என் வார்த்தையை நம்பிவிட்டார், இவர்கள் நம்பவில்லை. நான் தேடவில்லை. தெருமுனை பூத்துக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டு, பெட்டி தொலைந்துவிட்டது, வேலைக்கு வர முடியாது என்று சொன்னேன்.