அவள் வலது கை, என் இடது கை

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் மரக்கட்டை மாதிரி இருந்தன. கட்டைவிரல் அசையவே இல்லை. "வலிச்சாலும் மடக்கி மடக்கி நீட்டணும்மா, இல்லன்னா இப்படியே நின்னுடும்" என்றார் டாக்டர். மடக்கினால் உயிர் போகிற வலி. இனி போர்டில் எழுதவே முடியாதோ என்று, யாரும் பார்க்காதபோது அழுவேன்.

வீட்டு வேலைக்குத் துணையாகக் காடாம்புலியூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் "சாப்டியா?", "சாப்டேன் அண்ணி" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. சண்டையெல்லாம் இல்லை, பழகச் சந்தர்ப்பம் அமையவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் டிவி ஸ்டாண்டைத் துடைத்தவள், என் கணவரின் பழைய வீடியோ கேம் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"இத இன்னும் வெச்சிருக்காரா அண்ணன்? சின்ன வயசுல எங்கையில தரவே மாட்டாரு அண்ணி. பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினே இருப்பேன்."

"இப்பதான் அவரு ஆபீஸ் போயிட்டாரே. ஆடு!" என்றேன்.

ஒரு வீரன் மந்திர வாளோடு பாதாளக் கோட்டைக்குள் போகிற விளையாட்டு அது. இடது கையால் அவனை நடத்த வேண்டும், வலது கையால் வாள் வீச வேண்டும். அவளுக்கு இரண்டும் ஒருசேர வரவில்லை. வீரன் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றான். கல்லூரி ஹாஸ்டலில் நான் கொஞ்சம் ஆடியிருக்கிறேன். "நடக்கறத நான் பாத்துக்கறேன், கத்திய நீ வீசு" என்று ஒட்டி உட்கார்ந்தேன். பட்டன்கள் உள்ள கண்ட்ரோலரின் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவள்.

அதிலிருந்து மதியச் சமையல் முடிந்தால் எங்களுக்குக் கோட்டைதான். ஒரு மண்டபத்தில் எல்லா விளக்கையும் ஏற்றியும் கதவு திறக்கவில்லை. நான் சலித்துப்போனேன். அவள் யோசித்துவிட்டு, "நடுவுல இருக்கறத அணைக்கணும் அண்ணி. அண்ணன் இதக் கண்டுபுடிச்சிட்டுத்தான் அன்னிக்கி குதிகுதின்னு குதிச்சாரு" என்றாள். அணைத்தோம், திறந்தது. நடுநடுவே அவள் மாமியார் கதையும் என் பள்ளிக்கூடக் கதையும் ஓடும்.

கடைசி அரக்கனோடு மோதிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சரிந்த கண்ட்ரோலரை வலது கையால் தாங்கிக்கொண்டேன். அரக்கன் கோடரியை ஓங்கிவிட்டான். "ஐயோ, சீக்கிரம் வா!" என்று கத்தினேன். வீரனின் வாள் சுழன்றது. மறுபடியும் சுழன்றது.

திரும்பி வந்தவள் நின்றுவிட்டாள். "அண்ணி... யாரு அமுக்கனது?"

குனிந்து பார்த்தேன். பட்டன் மேல் என் கட்டைவிரல்.

நாங்கள் வாய்பிளந்து நின்ற நேரத்தில் அரக்கன் வீரனைத் தீர்த்துக்கட்டிவிட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வழிய.

மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தோம். நடப்பது அவள், வாள் நான். வலி இருந்தது, பயம் போய்விட்டது. அரக்கனை வென்ற அன்று என் கணவர், "நான் இல்லாமலே முடிச்சிட்டீங்களா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இப்போது மறுபடியும் போர்டில் எழுதுகிறேன். உதவி என்றால் நமக்காக ஒருவர் எல்லாவற்றையும் செய்து தருவது என்றுதான் நினைத்திருந்தேன். பாதியை நம்மிடமே விட்டுவிட்டு, மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதும் உதவிதான் என்று அந்த மதியங்களில்தான் தெரிந்துகொண்டேன்.