கட்டிக்கு வைத்த மல்லிப்பூ

“உங்கள் உயிர் உங்கள் கையில்” என்று எங்கள் கம்பெனி கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பெண்கள் மார்பைத் தாங்களே தடவிப் பார்க்கச் சொல்லி, ரோஸ் கலர் ரிப்பன் படம் போட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

கம்பெனி சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். வீடு சதுரங்கப்பட்டினத்துப் பக்கம். சில வருஷங்களுக்கு முன்னால் ஷிப்டு முடிந்ததும் பெண்களை மட்டும் உட்கார வைத்து, ஒரு நர்ஸ் ரப்பரில் செய்த மார்பு ஒன்றை மேசைமேல் வைத்தார். நாங்கள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் கோபப்படவில்லை. மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து, விரல்களைத் தட்டையாக வைத்து அக்குள்வரைக்கும் தடவிப் பாருங்கள், வழக்கமில்லாதது எது தட்டுப்பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். கை கண்டுபிடிக்கும், ஆனால் அது என்ன கட்டி என்று கைக்குச் சொல்லத் தெரியாது என்றும் சொன்னார். இந்தக் கடைசிப் பேச்சைத்தான் எங்கள் வீட்டில் ஒருவர் காதிலும் ஏற்ற முடியவில்லை.

கொஞ்ச நாளிலேயே தட்டுப்பட்டது. குளிக்கும்போது, இடது பக்கம், அக்குளை ஒட்டிப் புளியங்கொட்டை அளவில் ஒன்று. அமுக்கினால் வலிக்கவில்லை. பயந்துபோனேன். என் சின்ன மகளுக்கு அப்போதுதான் பால் மறக்கடித்திருந்தேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவரிடம் அன்றைக்கே சொன்னேன். “ஆம்பள டாக்டராண்ட தொறந்து காட்டப் போறியா? போய் அம்மாவாண்ட கேளு” என்றார்.

மாமியார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“வலிக்குதா?”

“இல்ல அத்த.”

“வலி இல்லாத நோவு எந்த ஊர்ல கீது? பால் கட்டிகினு கீது, அவ்ளோதான். எனக்குந்தான் வந்துச்சி. நான் இன்னா செத்தா பூட்டேன்?”

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பால் மறக்கடித்தால், பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிப்பூச் சரத்தை வைத்துக் கட்டுவார்கள். பாலுக்கு அது கேட்கும். அதே பூவை அவர் என் கட்டிக்கும் வைத்துக் கட்டினார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் சரம் தயாராக இருக்கும். வதங்கின பூவோடு படுத்து எழுந்து வேலைக்குப் போவேன். “இன்னாக்கா, புதுப் பொண்ணு மாரி மணக்குற” என்று பக்கத்தில் நிற்கிறவள் கிண்டல் பண்ணுவாள். நானும் சிரித்து வைப்பேன்.

நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதாமாதம் தடவிப் பார்த்தேன். மாதாமாதம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சண்டை போட்ட பிறகு, மருந்துக்கடைக்குப் பின்னால் உட்காரும் ஒரு டாக்டரிடம் கணவர் கூட்டிப்போனார். அவரும் தொடவில்லை. பால் கட்டிதான் என்று மாத்திரை எழுதினார். அதற்கப்புறம் நான் எது சொன்னாலும் வீட்டில் “சும்மா பேஜார் பண்ணாத” என்பார்கள்.

புளியங்கொட்டை இலந்தைப்பழம் ஆனது. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், யாரிடமும் சொல்லாமல் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

“சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாம்மா” என்றார் டாக்டரம்மா.

சின்னதாக இருக்கும்போதே எனக்குத் தெரியும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இடது மார்பு போனது. முடியும் போனது. முடி மட்டும் திரும்பி வந்தது.

கணவர் மாதுளம்பழம் வாங்கி வந்து உரித்துக் கொடுத்தார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியை வைத்துவிட்டுப் போவார். அவரைத் திட்டுவதற்கு ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும், உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருந்தேன்.

போன மாதம் நான் லீவில் இருந்த ஒரு காலை. எல்லோரும் வெளியே போன பிறகு மாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

“உனக்குத்தான் தடவிப் பாக்கத் தெரியுமே. இத்தக் கொஞ்சம் பாரு.”

ஜாக்கெட் ஊக்கை அவரே கழற்றினார். உள்ளே வாடின மல்லிச் சரம் இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு விரலை வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. கல் மாதிரி, நகராமல், மேல்தோலை உள்ளே இழுத்துக்கொண்டு இருந்தது.

“இது எப்பலேர்ந்து அத்த?”

“அதான் அன்னிக்கே சொன்னேனே, எனக்கும் வந்துச்சின்னு. உனக்குப் பூ கட்றதுக்கு முன்னாடிலேர்ந்தே கீது.”

“எனக்கு வெட்டி எடுத்தாங்களே, அப்பயாவது சொல்லக்கூடாதா?”

“வலிக்கலியேமா.”

சேர்த்து வைத்த மூட்டையிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. இந்த மனுஷி எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தனக்குச் செய்துகொண்டதைத்தான் எனக்கும் செய்திருக்கிறார். அது தெரிந்ததும் வயிற்றெரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது. இனி யாரைத் திட்டுவது?

“பொடவைய மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இப்பவா? எங்க பூட்டீங்கன்னு அவன் கேட்டா இன்னான்னு சொல்றது?”

“பூ வாங்கப் போனோம்னு சொல்லுங்க” என்றேன்.