மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது

அக்காவுக்கு முதலில் வந்த வரன் ஒரு விளக்கால் போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் வாசற்படியில் கால் வைத்த நேரம் பார்த்துக் காற்றடித்து, மாடத்து விளக்கு அணைந்துவிட்டது. பையனின் தாயார் முகம் அப்போதே சுண்டிப் போனது. ஆனாலும் உள்ளே வந்து உட்கார்ந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, இரண்டாவது காபியும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பஜ்ஜிக்கு மட்டும் சகுனம் கிடையாது போலிருக்கிறது.

இந்தச் செய்தி காஞ்சிபுரம் முழுக்கப் பரவிய வேகத்தில் வேறு எதுவும் பரவி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு யாரும் எங்கள் படியேறவில்லை. அக்கா தறிக்குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தாள். இருபத்தேழு வயது ஆகிவிட்டது. ஒருவழியாக மெட்ராஸ் வரன் ஒன்று திகைந்தபோது, அப்பா சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயப்பட ஆரம்பித்தார்.

பயத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, மாப்பிள்ளையின் அத்தை. சகுன சாஸ்திரத்தில் அந்த அம்மாளுக்குத் தெரியாதது இல்லை. பல்லி, பூனை, தும்மல் எல்லாவற்றுக்கும் பலன் வைத்திருந்தார். இரண்டாவது, நிச்சயதார்த்தத்தன்று அவர் சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியம்.

“பையன் ஆபீஸ்ல ஏ.சி. ரூம்லயே இருக்கிறவன். வெயில் தாங்கமாட்டான். பார்த்துக்கோங்க.”

கல்யாணமோ கத்திரி வெயிலில். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. ஏ.சி. என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் நேரில் தெரியாது. மெட்ராஸில் ஒரு சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் மட்டும், “மார்கழி மாசத்தை ரூமுக்குள்ள பூட்டி வெச்சா மாதிரி இருக்கும்பா” என்றார்.

எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வேன் இருந்தது. ஏலத்தில் எடுத்தது. பட்டு நூல் மூட்டையும் நெய்த புடவைக் கட்டும் ஏற்றிப்போக நான்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று அப்பா முடிவு செய்தார். வாடகைக் கார் எடுக்கலாமே என்றேன். “சொந்த வண்டி இருக்கறப்போ எதுக்குடா வாடகை வண்டி? கௌரவம் என்னாவறது?” என்றார். அந்த வண்டியில் கௌரவம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அதன் முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் மேல், காற்று உள்ளே வர ஒரு சின்னக் கதவு உண்டு. அப்பா அதற்கு முன்னால் வெட்டிவேர்த் தட்டி ஒன்றைக் கட்டினார். தட்டியை நனைத்துவிட்டால் ஓடும்போது காற்று அதில் புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். பக்கத்து ஊர் ஓரிக்கை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். உண்மையிலேயே ஜிலுஜிலு என்றிருந்தது, வாசனை வேறு. அப்பா முகத்தில் ஏ.சி.யைக் கண்டுபிடித்தவனின் களை.

திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோனது.

ஓடும்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வினை. மெக்கானிக்குகள் அதை ‘ஸ்லோ’ என்பார்கள், நின்ற இடத்தில் இஞ்சின் தானாக மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது. அந்த ஸ்லோ எங்கள் வண்டியில் நிலைக்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலமோ நாயனக்காரருக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில், வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற விவகாரம். நடுத்தெருவில் வண்டி அணைந்தால் அத்தை அதற்கு என்ன பலன் சொல்வார் என்று யோசிக்கவே வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அங்கே வண்டி சமர்த்தாக நின்று ஓடியது. அவர் கார்புரேட்டர் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, “ஒண்ணுமில்லபா, எடுத்துக்கினு போ” என்றார். வீட்டுக்கு வந்து, அப்பா தட்டியை நனைத்து, சோதனை பார்த்தால் மறுபடி இருமல். மறுபடி மெக்கானிக், மறுபடி கால் சுற்று. பெரிய டாக்டரைக் கண்டதும் ஜுரம் விட்டுப்போகிற குழந்தை மாதிரி அது என்னைப் பொய்யனாக்கியது.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆனால் எல்லா வைத்தியமும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்தது: சூடு. எங்கள் தெருவின் புத்தி அப்படி. கோடையில் பட்டு இழை காய்ந்தால் பட்பட்டென்று அறுந்துபோகும். தறிக்குழியில் தண்ணீர் தெளித்து ஈரம் காட்டினால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு அடங்கும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, எது அறுந்தாலும் எது நின்றாலும் கை தானாகத் தண்ணீர்க் குடத்துக்குப் போய்விடும். “காஞ்சி போயிருக்குதுபா, நல்லா ஈரம் காட்டு” என்றார் எதிர்வீட்டுக்காரர். வண்டி அணையும்போதெல்லாம் அப்பா தட்டியின் மேல் இன்னொரு சொம்பு ஊற்றினார்.

அக்கா ஒருநாள் ஜன்னலிலிருந்து சொன்னாள்: “அப்பா, நீ தண்ணி ஊத்துனப்புறம்தான் அது நிக்குதுபா.”

“கல்யாணப் பொண்ணு இஞ்சினைப் பத்திப் பேசிக்கினு இருக்கா பாரு. உள்ள போய் மஞ்சள் பூசும்மா.”

அவள் தறியில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஊடை இழையோடு நாடா குறுக்கே ஓடுகிற சத்தத்திலேயே எந்த இழை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் கல்யாணத்தில் அவளைத் தவிர எல்லோருக்கும் அபிப்பிராயம் சொல்ல உரிமை இருந்தது.

அழைப்பு நாள் வந்தது. பொழுது சாய்கிற நேரத்திலும் தெரு அடுப்பாகக் கொதித்தது. பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டோம். முன்னால் நாயனம், பின்னால் உறவுக் கூட்டத்தோடு அத்தை, பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை. அப்பா நெய்து கொடுத்த பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அப்பா வண்டியோடு கூடவே நடந்து, குடத்திலிருந்து தட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். சுவாமிக்கு அபிஷேகம் செய்கிறவருக்குக்கூட அவ்வளவு சிரத்தை இருந்திருக்காது.

முதல் முனையில் வண்டி அணைந்தது. நாயனக்காரர் சமயோசிதமாக ஒரு ராகத்தை இழுத்தார், அதற்குள் கிளப்பிவிட்டேன். இரண்டாவது முனையில் மறுபடி அணைந்தது. இந்த முறை நாலு பேர் தள்ளினார்கள். மாப்பிள்ளை அடக்கி அடக்கி ஒரு தும்மல் தும்மினார். அத்தை காதில் விழாமல் இருக்க நான் ஹாரன் அடித்தேன்.

மூன்றாவது முறை எங்கள் வீட்டுப் பந்தலுக்கு எதிரிலேயே அணைந்தது. பாட்டரியும் கையை விரித்துவிட்டது.

அத்தை முன்னால் வந்தார். நாயனம் நின்றது.

“மூணு தடங்கல். வாசல் வரைக்கும் வந்து நிக்குது. இதுக்கு மேல எனக்கு மனசு ஒப்பல. நாளைத் தள்ளிப் பார்க்கலாம்.”

தள்ளிப் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ நிரப்பிக் கொடுத்த குடத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் தட்டியின் மேல் ஊற்றப் போனார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அப்போது அக்கா பந்தலிலிருந்து இறங்கி வந்தாள். அலங்காரத்தோடு, தலை நிறையப் பூவோடு, நடுத்தெருவுக்கு. குடத்தை அப்பா கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“போதும்பா. ஊத்த ஊத்தத்தான் நிக்குது.”

மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: “அவங்க சொல்றது சரிதான் மாமா. தண்ணி எல்லாம் இஞ்சின் பக்கம்தான் வழியுது. மிச்சம் என் கால் மேல.”

“இல்ல மாப்பிள்ளே, ஏ.சி. ரூம்ல இருக்கிறவங்க...”

“ஏ.சி. அங்க இருக்கிற மெஷினுக்கு மாமா. எனக்கு அந்தக் குளுரு ஆவாது. வருஷம் பூரா சளி புடிச்சுக்கினு இருக்கேன். வெயில்ல நாலு நாள் இருக்கலாம்னுதான் ஆசையா வந்தேன்.”

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார்.

“அத்தே, நல்ல காரியத்துக்குப் போறப்போ கன்னிப் பொண்ணு நிறைகுடத்தோட எதிர்ல வந்தா என்ன பலன்?”

அத்தை அக்காவைப் பார்த்தார். இடுப்பில் குடம், விளிம்பு வரைக்கும் தண்ணீர். தன் சாஸ்திரத்தைத் தானே பொய்யென்று சொல்ல முடியாமல் அந்த அம்மாள் தவித்த தவிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது.

“அதைவிட நல்ல சகுனம் கிடையாது” என்றார் கடைசியில், மென்று விழுங்கி.

பானெட்டைத் திறந்தேன். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பானெட் இடுக்கு வழியாக வழிந்த தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. ஓடும்போது காற்று தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடும், நின்றால் நேரே அதன் தலையில். துடைக்கத் துணி தேடினேன். மாப்பிள்ளை தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, “இதுதான் மச்சான் காஞ்சிருக்குது” என்று நீட்டினார். அப்பா நாலு நாள் உட்கார்ந்து நெய்தது. கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். தட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தள்ளிக் கிளப்பினோம். இஞ்சின் ஒரே சீராக நின்று ஓடியது. மாப்பிள்ளை தோளில் கிரீஸ் கறையோடு பந்தலுக்குள் நுழைந்தார். மறுநாள் தாலி கட்டினார், நடுவில் ஒரு தும்மலோடு. அத்தை அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கல்யாணம் முடிந்து அவர்களை ரயிலடியில் விட அதே வண்டியை வாசலில் நிறுத்தினேன். அக்கா ஏறி உட்கார்ந்தாள். பெட்டி ஏற்றி, சொல்லிக்கொண்டு, அழுது, மறுபடி சொல்லிக்கொண்டு, நேரம் போய்க்கொண்டே இருந்தது. இஞ்சின் அணையவே இல்லை. இருமல்கூட இல்லை. அப்பா பானெட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

“ஒரு நிமிஷம் நின்னுதான் தொலையேன்” என்று அவர் முணுமுணுத்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் கியரைப் போட்டேன்.